செவரன்ஸ் பேச வக்கீல் வைப்பவர்கள் கவனிக்க: "மொத்தத் தொகையில்" என்ற அந்த ஒரு சொல்

லேஆஃப் (ஆட்குறைப்பு) கடிதம் வந்ததும் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "உடனே ஒரு வக்கீலைப் பார்" என்பதுதான். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கட்டணத்தை எப்படிப் பேசிக்கொண்டு பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செவரன்ஸை, அதாவது வேலையிலிருந்து நீக்கும்போது நிறுவனம் தரும் தொகையை, உயர்த்தித் தருகிறேன் என்ற என் வக்கீல், சொன்னபடி உயர்த்தியும் தந்தார். அப்படியும், நிறுவனம் தானாகத் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவான பணம்தான் என் கைக்கு வந்தது.

கணக்காகவே சொல்கிறேன். நிறுவனத்தின் கடிதத்தில் இருந்த தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் பேசியதும் அது 110 ஆனது. அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கூடுதலாக வந்த 10-இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் அவருக்கு 3 சொச்சம், எனக்கு 106-க்கு மேல். அவர் எடுத்ததோ 110-இல் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு மிஞ்சியது 73.

முதல் சந்திப்பில் அவர் வாயால் சொன்னது வேறு: "நான் வாங்கித் தருவதில்தான் எனக்குப் பங்கு, அவர்கள் ஏற்கெனவே தருவது உங்களுடையது." அவரோடு நான் போட்ட கட்டண ஒப்பந்தத்தில் இருந்தது "கட்சிக்காரர் பெறும் மொத்தத் தொகையில்" என்ற வாசகம். இது என்ன என்று கேட்டேன். எல்லோருக்கும் போடும் வழக்கமான வாசகம், கவலை வேண்டாம் என்றார். அந்த மொத்தத்துக்குள் என்னென்ன நுழைந்தது என்று பில் வந்த பிறகுதான் தெரிந்தது. எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் காலச் சம்பளம், கடைசி மாத ஊதியம் எல்லாம் அதில் அடக்கம். இதெல்லாம் யாரும் பேசாமலே எனக்கு வரவேண்டிய பாக்கி. நான் உழைத்த மாதச் சம்பளத்தில் அவருக்கு எதற்குப் பங்கு? பணம் அவர் அலுவலகக் கணக்கு வழியாகத்தான் வந்தது, அதனால் கேள்வி கேட்பதற்கு முன்பே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டார்கள்.

அந்த அளவுக்கு என்ன வேலை செய்தார் என்றால், ஒரு கடிதம். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் "மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பிய சில வாரங்களிலேயே எமது கட்சிக்காரர் நீக்கப்பட்டது" பற்றிக் கடுமையாக ஆட்சேபித்திருந்தார். நான் ஆண், எனக்குக் குழந்தையும் இல்லை. வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் என் பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறார். இதைப் படித்த எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு சிரித்திருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். எரிச்சல் அதோடு முடியவில்லை. எனக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் பத்து, என் நிலையிலேயே இருந்த இன்னொருவருக்கும் கிடைத்தது. அவர் எச்.ஆருக்கு (மனிதவளத் துறைக்கு) மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார், இரண்டு வாரச் சம்பளம் சேர்த்துத் தந்துவிட்டார்கள்.

பெரிய ஆட்குறைப்பில் பெரும்பாலும் தொகைக்கு ஒரு சூத்திரம் வைத்திருப்பார்கள்: பணியாற்றிய வருடத்துக்கு இத்தனை வாரம் என்று. அதை உடைக்கக் கையில் துருப்பு வேண்டும். பாகுபாடு நடந்ததற்குச் சான்று, புகார் கொடுத்த கையோடு நீக்கியது, தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத பெரிய அளவு நிறுவனப் பங்குகள், போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை, இப்படி ஏதாவது இருந்தால் நல்ல வக்கீல் கட்டாயம் வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் நிறுவனம் கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்தத்தைப் படித்து விளக்க மட்டும், ஒரே தொகையாகவோ மணிக்கணக்கிலோ கட்டணம் பேசி ஒருவரைப் பிடியுங்கள். எதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இன்றே கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று எச்.ஆர். அவசரப்படுத்தினாலும் பதறி வக்கீலிடம் ஓடாதீர்கள். அவகாசம் பல இடங்களில் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வயதுப் பாகுபாடு குறித்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமென்றால், யோசிக்க 21 நாள் தரவேண்டும். கூட்டாக நீக்கியிருந்தால் 45 நாள். கையெழுத்துக்குப் பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். 1990-இல் வந்த சட்டம் இது. பிரிட்டனில், வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பணம் பெறும் செட்டில்மெண்ட் ஒப்பந்தம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமென்றால் ஊழியர் தனியாகச் சட்ட ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது நிறுவனமே ஏற்பது அங்கே வழக்கம். ஜெர்மனியிலோ கதை தலைகீழ்: நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம்தான், அங்கே தாமதித்தால் போச்சு. இந்தியாவில் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு, ஆட்குறைப்பில் ஒவ்வொரு முழு வருடப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் சட்டப்படியே உண்டு. அதை "நான் வாங்கிக் கொடுத்தேன்" என்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் அங்கே வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. அப்படி ஒருவர் விகிதம் பேசினால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

விகிதம் சட்டப்படி செல்லும் ஊரில் இருப்பவர்கள், "நிறுவனம் இந்தத் தேதியில் எழுத்தில் தருவதாகச் சொன்ன தொகைக்கு மேல் கிடைப்பதில் மட்டும்" என்ற வரியை வக்கீலோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையையும் எண்ணில் குறிக்கச் சொல்லுங்கள். விடுப்புப் பணமும் பாக்கிச் சம்பளமும் கணக்கில் வராது என்பதும் எழுத்தில் வரட்டும். எழுத மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

என் விஷயத்தில் வக்கீல்களுக்கு உரிமம் தரும் அமைப்பிடம் கட்டணத் தகராறு என்று மனு கொடுத்திருக்கிறேன். நிறுவனத்தின் முதல் கடிதம், வக்கீலின் பில், அப்புறம் அந்த மகப்பேறு விடுப்புக் கடிதம், மூன்றையும் இணைத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் தேதி தரவில்லை.