4,850 ரூபாய்க்கு ஒரு யுகுலேலே: நான் ஏமாந்தது போதும், நீங்களும் ஏமாறாதீங்க

யுகுலேலே வித்தவங்க நேத்து ராத்திரி பத்து மணிக்கு என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதுறேன், வார்த்தை அப்படி இப்படி இருந்தா பொறுத்துக்கோங்க.

நாற்பத்தி மூணு வயசுல ஒரு வாத்தியம் கத்துக்கணும்னு ஆசை. கிட்டார் வாங்கி, விரல் நுனி எரிஞ்சு, பரண்ல போட்டவங்க எங்க வீட்டுலயே ரெண்டு பேர். யுகுலேலேன்னா குட்டி கிட்டார் மாதிரி, நாலே கம்பி, அதுவும் நைலான். சி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) ஒரே விரல்: ஏ கம்பியில மூணாவது ஃப்ரெட் (கழுத்துக்குக் குறுக்கே இருக்குற உலோகக் கட்டு). நமக்கு இது போதும்னு தோணுச்சு.

போட்டோ, வீடியோ போடுற ஆப் ஒண்ணுல ஒரு விற்பனைப் பக்கம். "கான்சர்ட் சைஸ், 23 இன்ச், மஹோகனி." விலை 4,850. பேசினப்ப அந்தப் பையன், "அண்ணா, போனை காதுல வைங்க"ன்னு சொல்லிட்டு வாசிச்சுக் காட்டினான். நல்லாத்தான் இருந்துச்சு. "யாருக்குண்ணா, பாப்பாவுக்கா?"ன்னான். கொஞ்சம் கூச்சத்தோட எனக்குத்தான்னேன். "சூப்பர்ணா, எங்கப்பா அம்பது வயசுல ஆரம்பிச்சாரு."

அந்த அப்பா கதையிலதான் விழுந்தேன். போனை வச்ச கையோட யுபிஐ-ல மொத்தப் பணத்தையும் போட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்துச்சு. டேப் வச்சு அளந்தா 21 இன்ச். அது கான்சர்ட் இல்ல, அதைவிடச் சின்ன சோப்ரானோ. மஹோகனி மரமாவது மண்ணாவது, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா ப்ளைவுட் அடுக்கும் வழிஞ்சு காய்ஞ்ச கோந்தும். சரி, சின்னதா இருந்தா என்னன்னு மனசைத் தேத்திக்கிட்டு நாலு கம்பியையும் ஜி, சி, ஈ, ஏன்னு ட்யூன் பண்ண உக்காந்தேன். ஏ-க்கு வர்றதுக்குள்ள ஜி இறங்கியிருக்கும்.

கேட்டதுக்கு, "புது நைலான் கம்பி இழுபடும்ணா, ஒரு வாரம் வாசிங்க, செட் ஆயிடும்"னான். இதுல கொடுமை, அது உண்மை. புதுக் கம்பி அப்படித்தான். அதனாலதான் நம்பிப் பொறுத்தேன். ரிட்டர்ன் கெடுவும் அதே ஏழு நாள்னு பார்சல் வந்த எட்டாம் நாள்தான் உறைச்சுது.

எங்க தெருவுல சர்ச்சுக்கு கிட்டார் வாசிக்கிற தம்பிகிட்ட எடுத்துட்டுப் போனேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பியை லேசாத் தொட்டு ஒரு தட்டு, அப்புறம் அதே இடத்துல அழுத்தி ஒரு தட்டு. ரெண்டும் ஒரே ஸ்வரமா வரணுமாம். அழுத்தினது மேல ஏறிக் கத்துச்சு. ஸ்கேலை எடுத்தார். தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற நட்டுல இருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் 17.3 செ.மீ., அங்கிருந்து உடம்புல ஒட்டின பிரிட்ஜுல கம்பி உக்கார்ற சேடில் வரைக்கும் 16.5. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். "பிரிட்ஜையே தப்பான இடத்துல ஒட்டியிருக்காங்கண்ணா, இது ஆயுசுக்கும் சுருதி சேராது"ன்னார்.

அளவை போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுவரைக்கும் 'அண்ணா'வா இருந்த நான் 'ப்ரோ' ஆனேன்: "ப்ரோ, ட்யூனர் ஆப்பையெல்லாம் நம்பாதீங்க." மறுநாள் 'சார்' ஆயிட்டேன்: "சார், ஏழு நாள் முடிஞ்சிடுச்சு." அடுத்து "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சார்?" அதுக்கப்புறம் வெறும் ப்ளூ டிக். நேத்து அதுவும் இல்ல. 4,850 ரூபா!

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய பத்து விஷயம்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், பொறுமை இல்ல. கடைக்கு நேர்ல போங்க. பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தட்டிப் பாருங்க. பார்சல்னா வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. முன்பணம் போடாதீங்க. 'ஒரு வாரம் பொறுங்க'ன்னா உடனே தேதியை எண்ணுங்க. நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன், பார்ப்போம்.

இன்னிக்குக் காலைல மனைவி போன்ல இருந்து பார்த்தேன். அதே போட்டோ, அதே மஹோகனி. "கடைசி 2 பீஸ், 4,499 மட்டுமே"ன்னு போட்டிருக்கான்.