பல்செட்டு மட்டும் படியேறியது

இங்கிலாந்தில், லெஸ்டரில் நான் போகும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற குறுஞ்செய்திகளைத் தொகுத்தால் ஒரு சின்னப் புத்தகமே போடலாம். தேதி குறித்தவுடன் ஒன்று, ஒரு வாரத்துக்கு முன் ஒன்று, முந்தின நாள் ஒன்று, வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று ஒன்று. வாசலில் ரோட்டைத் தோண்டுகிறார்கள், பின்பக்கமாக வாருங்கள் என்றுகூட ஒருமுறை வந்தது. காரைக்குடியில் அம்மாவின் பல் டாக்டர் ஆஸ்பத்திரியையே வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்கு ஒரு வரி கிடையாது.

தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது, அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

அம்மா கோட்டையூரில் இருக்கிறார். வயது 78. மேலும் கீழும் பல்செட்டு. கீழ்ச்செட்டு இடது பக்கம் உரசி ஈறு புண்ணாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அதைக் கழற்றி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, கஞ்சியும் ரசஞ்சாதமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். தேன்குழலும் சீப்புச்சீடையும் டின் டின்னாக அடுக்கியிருக்கிறது, "எல்லாம் உனக்குத்தான், அள்ளிட்டுப் போ" என்கிறார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால் பதில் இல்லை. டாக்டரிடம் போகலாமே என்றதற்கு, "போன் அடிச்சேன், போகமாட்டேங்குது" என்றார்.

எப்படிப் போகும்? 04565 போட்டுத் தொடங்குகிற அந்த லேண்ட்லைன் எண் உபயோகத்திலேயே இல்லை. அம்மாவின் சீட்டில் இருப்பது அது ஒன்றுதான். கூகுள் மேப்பில் தேடினால் ஆஸ்பத்திரி ஜம்மென்று இருக்கிறது. நட்சத்திரம் நாலரை. இப்போது திறந்திருக்கிறது என்று பச்சை எழுத்தில் வேறு போட்டிருக்கிறது. சரி, கிளம்பிவிடலாம் என்று ஆட்டோவைக் கூப்பிட்டோம். ஆட்டோத் தம்பி புதுவயல் பக்கத்துப் பையன், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பழைய இடம் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய வீட்டின் முகப்பில்தான் டாக்டர் உட்கார்ந்திருப்பார். பேரைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் இருந்தால் கம்பவுண்டர் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "பள்ளத்தூர் அண்ணன் வாங்க." "கோட்டையூர் ஆச்சி வாங்க." டோக்கன் கிடையாது, ஆனால் வரிசை தப்பாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நிற்கிற குளிர்ச்சிக்கே பாதி வலி போய்விடும்.

போய் இறங்கினால் கேட் இருக்கிறது. கேட்டுக்கு மேலே போர்டும் இருக்கிறது: காலை 10 முதல் 1 வரை, மாலை 5 முதல் 9 வரை, ஞாயிறு விடுமுறை. கேட்டுக்குப் பின்னால் வீடு இல்லை. செங்கல் குவியலும் நடுவில் முளைத்த எருக்கும்தான். பங்காளிகள் கூடி விற்று, வீட்டைப் பிரித்து, தூணும் நிலையும் கதவுமாக முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயாகிவிட்டதாம். செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் அது பாட்டுக்கு இருக்கிறது, வீடுகள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அம்மா ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "வீடு எங்கடி?" என்றார்.

கேட் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு தாளைக் கட்டியிருந்தார்கள். உறைக்குள் ஐப்பசி மழை இறங்கி மை கரைந்து, மேலே 'இடமாற்றம்' என்பது மட்டும் படிக்க முடிந்தது. எங்கே என்று எழுதியிருந்த இடம் வெறும் நீலத் திட்டு.

எதிர்ச் சாரியில் டீக்கடை. கேட்பதற்கு முன்பே கடைக்காரர் தொடங்கிவிட்டார். "பல் டாக்டரா? அவரு போயி ஆறு மாசம் ஆச்சுல்லக்கா. நேராப் போயி வலப்பக்கம் திரும்புனா மெடிக்கல் ஒண்ணு வரும், அதுக்கு மேல மாடி. இப்பப் போகாதீங்க, காலையில பாக்குறதில்ல, சாயங்காலம் மட்டுந்தான். வியாழக்கிழமை மதுரைக்குப் போயிருவாரு. டோக்கன் கீழ மெடிக்கல்லயே குடுப்பாக, வாங்காம மேல ஏறிறாதீங்க, இறக்கி விட்ருவாக." முகவரி, நேரம், விடுமுறை, நடைமுறை, எச்சரிக்கை, ஒன்று விடவில்லை. இவ்வளவும் அந்த போர்டில் இருந்திருக்க வேண்டும். நீங்களே ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிடலாமே என்றேன். "தினம் பத்துப் பேரு வந்து கேக்குறாக, நமக்கும் ரெண்டு டீ ஓடுது" என்று சிரித்தார்.

கோட்டையூருக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி ஆட்டோ.

டோக்கன் கிடைத்தது. அப்புறம்தான் மாடிப்படியைப் பார்த்தோம். கட்டிடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, செங்குத்தாக, 22 படி. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கைப்பிடிக்கு இரும்புக்குழாய் நட்டிருக்கிறார்கள், அதுவும் பாதிப் படியோடு நின்றுவிடுகிறது. மேலே போனவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் கீழ் மூன்று படிகளை அடைத்துக்கொண்டிருந்தன. மழை ஈரம். வீட்டு முகப்புப் படி நாலை ஏறவே அம்மாவுக்கு ஒரு கை வேண்டும். ஒன்றும் சொல்லாமல் மெடிக்கல் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மேலே போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, எக்ஸ்ரேயைக் கணினித் திரையிலேயே காட்டுகிற கருவி, எங்கள் லெஸ்டர் ஆஸ்பத்திரியைவிட ஒருபடி மேல். முன்னால் இருந்த பெண் பேஷன்ட் எங்கே என்றாள். கீழே என்றேன். மேலே வரச் சொல்லுங்கள் என்றாள். ஏற முடியாது என்றேன். "தூக்கிட்டு வந்துருங்கக்கா. சேர்ல உக்கார வச்சு ரெண்டு பேரு பிடிச்சா வந்துரலாம். எல்லாரும் அப்படித்தான் வாராக."

ஈரப்படியில், பாதியில் நின்றுபோன கைப்பிடியோடு, 78 வயதுக்காரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டுமாம். இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி வந்தால் அவருக்கு வேண்டிய நியாயமான மாற்று ஏற்பாட்டைச் செய்வது கிளினிக்கின் பொறுப்பு, நோயாளியின் பொறுப்பு அல்ல. நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து, தனியார் சேவைகளும் அதற்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? அவள் மாசச் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை. ஆனாலும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சத்தம் கேட்டு டாக்டர் உள்ளிருந்து வந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்குகிறது. "யாரு, கோட்டையூர் ஆச்சியா? கீழயா இருக்காக?" என்றவர், நாற்காலியில் வாய் திறந்து கிடந்தவரிடம் ரெண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கையுறையும் டார்ச்சுமாகப் படியிறங்கிவிட்டார். நான்தான் பின்னால் ஓடினேன்.

இறங்கி வந்து முதலில் அம்மாவுக்குத் திட்டு. "செட்டக் கழட்டி எத்தனை நாளாச்சு ஆச்சி? வர்றதுக்கு முந்தின நாளாச்சும் போட்டிருந்தாத்தானே எங்க உரசுதுன்னு எனக்குத் தெரியும்." இதையாவது அந்தச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கலாம். வலிக்கிறது என்றால் யாராக இருந்தாலும் கழற்றித்தான் வைப்பார்கள். நல்லவேளை, புண் இன்னும் ஆறவில்லை. நல்லவேளை என்று எழுதவேண்டிய நிலைமையைப் பாருங்கள்.

மை பென்சில் போல ஒன்றை எடுத்து, ஈறில் புண் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி வைத்தார். செட்டை மாட்டிக் கடிக்கச் சொன்னார். கழற்றினால் அந்தப் புள்ளி அப்படியே செட்டின் உட்புறத்தில் பதிந்திருக்கிறது. உரசுகிற இடம் அதுதான். கம்பவுண்டர் அதை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, செருப்புகளைத் தாண்டி மேலே கொண்டுபோனார். மாடியிலிருந்து கிர்ரென்று ராவுகிற சத்தம். தட்டு இறங்கி வந்தது. கழுவி மாட்டி, இந்தப் பக்கம் கடிங்க, அந்தப் பக்கம் கடிங்க. "இன்னும் ஒரு பொட்டு இருக்கு" என்றார் அம்மா. மறுபடி ஊதாப் புள்ளி, மறுபடி தட்டு, மறுபடி கிர்ர். அம்மாவின் பல் இத்தனை தரம் ஏறி இறங்கிய மாடியை அம்மா கடைசிவரை பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் மெடிக்கலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஆச்சி, பல்லா?" என்று நின்றுகொண்டார். பொக்கை வாயோடு நடுத்தெருவில் உட்கார அம்மாவுக்குக் கூச்சம், முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. லெஸ்டரில் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பார்க்க முடியாது. நோயாளியின் அந்தரங்கம் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருப்பார்கள். நடுவேலையில் எழுந்து நோயாளியைத் தேடிக் கீழே வருகிற டாக்டரையும் அங்கே நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த லெஸ்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ சொர்க்கத்திலிருந்து வந்தவள் மாதிரி ஆகிவிடும். சென்ற வருஷம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அருமையான தாள், பெரிய எழுத்து, பார்வைக் குறைபாடு இருந்தால் இன்னும் பெரிய எழுத்தில் கேட்டு வாங்கலாம் என்ற குறிப்பு. விஷயம் ஒன்றுதான்: இனிமேல் பெரியவர்களை என்.எச்.எஸ். கணக்கில், அதாவது அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் கணக்கில், பார்ப்பதில்லை. வேறு இடம் தேடினால் என்.எச்.எஸ். இணையதளத்தில் கிளினிக் வாரியாக, இடம் இருக்கும்போது சேர்ப்பார்கள், சேர்ப்பதில்லை என்று போட்டிருக்கும். 90 நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும் என்று விதியே உண்டு. தகவலுக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு பல் கிளினிக் என்.எச்.எஸ். நோயாளிகளைச் சேர்க்கிறது என்றவுடன் தெருமுனை தாண்டி வரிசை நின்று, போலீஸ் வந்து ஒழுங்குபடுத்தியது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் சும்மா வாயைப் பார்த்துச் சொல்வதற்கே என்.எச்.எஸ். கட்டணம் 27.40 பவுண்டு ஆனது, பல்செட்டு என்றால் 326.70. நான் பேசாமல் தனியார் கணக்குக்கு மாறிவிட்டேன். குறுஞ்செய்தி மட்டும் முன்பைவிட மரியாதையாக வருகிறது.

அம்மாவிடம் டாக்டர் காசு வாங்கவில்லை. "செட்டு குடுத்தப்பவே வாங்கியாச்சே, ராவுறதுக்கு என்ன காசு" என்றார். பல் போன தாடையில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், கீழ்த்தாடையில் இன்னும் வேகமாக, அதனால் இன்று பொருந்துவது அடுத்த வருஷம் ஆடும், உரசினால் உடனே வந்துவிட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். இவ்வளவு நல்ல மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஆனாலும் கேட்டேன். உடனே வரவேண்டும் என்கிறீர்கள், எங்கே வரவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் அது சரிதான். வளவு நிறைய ஆள் இருக்கும், யாராவது ஒருவர் தினம் காரைக்குடிக்குப் போய்வருவார், டாக்டர் இடம் மாறினால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்றைக்கு அதே வீட்டில் அம்மாவும் சமையல் செய்கிற அம்மாளும்தான். இடப்பக்கம் ரெண்டு வீடு பூட்டு, எதிர் வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் வருகிறவர்கள். தெருவில் ஆளே இல்லாதபோது சேதி யார் வாய் வழியாக வரும்? அந்தப் பக்கத்து ஊர்களில் அம்மா மாதிரி எத்தனை பேர் பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்களோ. டாக்டரின் பழைய நோயாளிகளில் பாதிப்பேர் அவர்கள்தான்.

டாக்டர் யோசித்துவிட்டு, "போர்டு வைக்கணுந்தான்" என்றார். வைக்கணுந்தான் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போர்டு எழுதுவதைத் தொழிலாக வைத்திருந்த ரோஜா முத்தையா எங்கள் கோட்டையூர்க்காரர். அவர் சேர்த்த புத்தகங்கள்தான் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிமிர்ந்தன. அந்த ஊரிலிருந்து வந்துவிட்டு ஒரு போர்டுக்காக ஆறு மாசம் காத்திருப்பதா? டாக்டரிடமே வாசகத்தைச் சொல்லி, சரி என்று தலையாட்ட வைத்து, மறுநாளே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

ரெண்டு வேண்டும். ஒன்று பழைய கேட்டுக்கு: புது இடம், மாலை மட்டும், வியாழன் கிடையாது, செல்போன் எண். இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே: 'படி ஏற முடியாதவர்கள் மெடிக்கலில் சொல்லுங்கள், டாக்டர் இறங்கி வருவார். பல்செட்டைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.' எழுத்து பெரிதாக இருக்கட்டும், படம் எதுவும் வேண்டாம் என்றேன். கடைத் தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. படம் இல்லாமல் ஒரு ஃப்ளெக்ஸா? டாக்டர் படம் ஒன்று, சிரிக்கிற பல் ஒன்று, ஓரத்தில் கொப்புடையம்மன் என்று திரையில் ஒவ்வொன்றாக இழுத்துப்போட, நான் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்ல, வெள்ளையில் கறுப்பெழுத்து மட்டும் மிச்சமானது. அதை ஒருமாதிரி வருத்தத்தோடு பார்த்துவிட்டு, "சரி, கீழ 'இவண்'னு உங்க பேரையாச்சும் போட்டுருவமாக்கா?" என்றான்.