தேக்கு வேலைக்கு உளியும் நீர்க்கல்லும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தேக்கில் உளி சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா. அதனால் உளியின் எஃகைப் பார்த்து வாங்குவதுதான் முதல் வேலை. செக் நாட்டு நரெக்ஸ் உளிகளின் குரோம்-மாங்கனீசு எஃகு எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 59-ஐ ஒட்டியது. தேக்குக்குத் தாங்குகிறது, சாதாரணக் கல்லிலும் நன்றாகத் தீட்ட வருகிறது. 6, 12, 20, 26 மி.மீ. ஆகிய நான்கு அகலங்கள் இருந்தால் வீட்டு மர வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

கடையிலேயே உளியின் தட்டைப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் லேசான குழிவு இருந்தால் கவலை வேண்டாம். புடைப்பு இருந்தால் வாங்காதீர்கள்; கல்லில் வைத்தால் ஆடும், நுனியில் கல் படவே படாது. புறாவால் இணைப்பு (விரிந்த வால் வடிவப் பற்களைக் கோத்துச் சேர்ப்பது) செய்பவர்கள் பக்க விளிம்பு மெல்லியதாக உள்ள உளியைத் தேட வேண்டும்.

புது உளியில் முதலில் தட்டைப் பக்கத்தின் கடைசி 2 செ.மீ.-ஐ 1000 எண் நீர்க்கல்லில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்; எண் கூடக் கூட நயமானது) சமமாக்கி, 6000 கல்லில் மினுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். இதைத் தவிர்த்துவிட்டு மறுபக்கச் சரிவை மட்டும் எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது.

சரிவு 25 பாகை இருக்கட்டும். நுனியில் மட்டும் 30 பாகை. தீட்டும்போது உளியைக் கோணம் மாறாமல் பிடிக்க, பக்கவாட்டில் இறுக்கும் எக்லிப்ஸ் வகைத் தாங்கியில் உளி 30 மி.மீ. வெளியே நீட்டினால் 30 பாகை கிடைக்கும். 1000/6000 இரட்டைக் கல்லைப் பத்து நிமிடம் ஊறவைத்து, 1000 பக்கத்தில் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தில் விரலை நுனிக்கு வெளியே தடவினால், அகலம் முழுக்கப் பிசிறு (தீட்டும்போது நுனியில் மடிந்து எழும் மெல்லிய எஃகு) தட்டுப்பட வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஒரு மூலையில் பிசிறு எழாமலேயே 6000-க்குப் போய்விடுகிறார்கள், அந்த மூலை கடைசிவரை மொட்டையாகவே நிற்கும். 6000-இல் சில இழுப்பு. பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படியவைத்துப் பிசிறை எடுங்கள். கைப்பிடியைச் சற்றே தூக்கினாலும் அந்தப் பக்கத்தின் சமம் கெட்டுவிடும். கடைசியில் பச்சைக் குரோமியம் ஆக்சைடு தடவிய தோலில் பின்னோக்கி மட்டும் இழுக்கவும்.

நீர்க்கல்லின் பெரிய குறை நடுவில் குழிவது. குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் நுனியும் வளையும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடியில் ஒட்டிய 220 உப்புத்தாளில் கோடுகள் மறையும்வரை தேயுங்கள். ஒவ்வொரு முறை தீட்டும் முன்பும் இதைச் செய்தால் ஒரு நிமிட வேலை. தள்ளிப்போட்டால் அரைமணி நேரம் பிடிக்கும்.

விளிம்பு உடைந்தால் மட்டும் சாணைச் சக்கரத்துக்குப் போகலாம். அப்போது தண்ணீரில் அடிக்கடி நனையுங்கள். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அதுவரை தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

இழைப்புளித் தகட்டுக்கும் இதே முறைதான், தாங்கியில் 38 மி.மீ. நீட்ட வேண்டும். நார் திரும்பும் மரத்தில் பிய்த்துக்கொண்டு வந்தால், மேல்தகட்டை (வெட்டும் தகட்டின் மேல் பூட்டும் இன்னொரு தகடு) நுனியிலிருந்து அரை மி.மீ.-க்கும் குறைவாகக் கொண்டுவாருங்கள். இரண்டு தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் சீவல் உள்ளே புகுந்து அடைக்கும். மேல்தகட்டின் விளிம்பையும் கல்லில் சமமாக்கிப் பூட்டவும்.