கழுத்துவலியும் இரண்டு ஊர் ஊசியும்

இந்த முறை கோயம்புத்தூருக்குப் போனபோது கழுத்துவலியும் கூடவே வந்தது. இங்கிலாந்தில், லெஸ்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்துக்கொண்டது. அங்கே பிசியோதெரபிஸ்ட் நாலு தடவை ஊசி போட்டிருந்தார், மருந்தில்லாத வெறும் ஊசி. அதை அக்குபங்சர் என்று சொல்ல மாட்டார், 'ட்ரை நீடிலிங்' என்பார். தோள்பட்டையில் முடிச்சாக இருக்கும் இடத்தை விரலால் தேடி, அதிலேயே குத்துவார். தசை ஒருமுறை வெட்டித் துடிக்கும். பத்தே நிமிடம்தான். நரம்பு, தசை, உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணி என்றுதான் விளக்கம். அக்குபங்சர்காரர்கள் சொல்லும் உயிர்சக்தி என்ற பேச்சே வராது.

ஊரில் அத்தை சொல்லி ஒரு கிளினிக்குக்குப் போனேன். அக்குபங்சரைச் சீன முறைப்படி படித்தவர். என் கழுத்தை அவர் தொடவே இல்லை. முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். சின்ன வயதில் சித்த வைத்தியரிடம் கை நீட்டிய ஞாபகம் வந்துவிட்டது. தூக்கம் எப்படி, பசி எப்படி, பாதம் சில்லென்று இருக்குமா என்று அரைமணி நேரம் கேட்டார்.

ஊசி போட்டது கையில். முஷ்டி பிடித்தால் சுண்டுவிரல் பக்கம் ரேகை முடிகிற இடம் இருக்கிறதே, அங்கே. சிறுகுடல் சக்தி நாளம் சுண்டுவிரலில் தொடங்கித் தோள், கழுத்து வழியாகக் காதுவரை போகிறது, அதனால்தான் அந்த இடம் என்றார். சீல் வைத்த பாக்கெட்டை என் கண்முன்னால் பிரித்தார். ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் குழாயில் வைத்து ஒரு தட்டு. வலிக்கவில்லை. ஊசியைத் திருகியபோதுதான் முழங்கை வரை கனத்து மதமதவென்று ஏறியது. இதைச் சீனத்தில் 'தே ச்சி' என்கிறார்கள், சக்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாம். ஊசி கையில் இருக்கும்போதே கழுத்தைத் திருப்பச் சொன்னார். ஒரு வாரமாக இடப்பக்கம் திரும்பாத கழுத்து பாதிக்கு மேல் திரும்பியது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்.

எது சரி என்று தங்கை கேட்டாள். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரை வைத்துச் செய்து, 2007-இல் வெளிவந்த அக்குபங்சர் ஆய்வைச் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சீன முறை சொல்லும் புள்ளிகளில் குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2. மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4. குத்துகிற இடத்தைவிட, ஊசியும் நம்மோடு உட்கார்ந்து பேசும் அந்த நேரமும்தான் வேலை செய்கின்றன என்று எனக்குப் படுகிறது. அந்த அரைமணி நேரத்துக்காகவே மூன்று தடவை திரும்பப் போனேன்.

ஆனால் அம்மாவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு வேறொரு அக்குபங்சர்காரரிடம் கூட்டிப்போனேன். ஊசியே கிடையாது. ஒரு புள்ளியில் விரலை வைத்து எடுத்தார், அவ்வளவுதான். பிறகு, 'பிரஷர், சுகர் மாத்திரை எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா, உடம்பு தானே சரி பண்ணிக்கும்' என்றார். அம்மாவும் தலையாட்டிவிட்டார். எனக்குப் பகீரென்றது. பதினைந்து வருடமாகச் சாப்பிடும் மாத்திரை அது. முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி சிகிச்சையே தர வேண்டாம் என்று பிரிட்டனில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வழிகாட்டியிருக்கிறது. வலிக்குப் போன இடத்தில் பிரஷர் மாத்திரையில் கைவைக்க இவருக்கு என்ன உரிமை?

ஊருக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போய்ப் பாருங்கள். புது ஊசிதானா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், பேஸ்மேக்கர் இருந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அன்று ராத்திரி அம்மாவின் மாத்திரை டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். 'அந்தத் தம்பி அவ்வளவு அன்பாப் பேசினாரேப்பா' என்று சொல்லிக்கொண்டேதான் விழுங்கினார்.