நெல்சன் லாங்ஃப்ளாப்: ஞாயிறு ஓட்டத்துக்காகத் தைத்த பை

சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் தொங்கும் ஒரு கித்தான் பை. கருப்புத் துணியில் வெள்ளைத் தோல் வார், அல்லது பச்சைத் துணியில் தேன் நிற வார். கொள்ளளவு 18 லிட்டர். விலை 100 பவுண்டைத் தாண்டும். இதே காசுக்கு எடை குறைவான, தண்ணீர் புகாத நைலான் பைகள் எத்தனையோ கிடைக்கும்போது காரடைஸ் நிறுவனத்தின் இந்த லாங்ஃப்ளாப்பை ஏன் வாங்க வேண்டும்? இது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை உங்களுக்கும் இருந்தால் வாங்குங்கள். வட இங்கிலாந்தின் நெசவு ஊர்களில் சைக்கிள் சங்கங்கள் கூட்டமாகப் போய்வந்த ஞாயிறு சைக்கிள் ஓட்டம்தான் அந்த வேலை. அந்த ஓட்டம் தெரியாமல் பையைப் பார்த்தால் பாதிக்கு மேல் பழங்காலத்து அலங்காரமாகத்தான் தெரியும். தெரிந்து பார்த்தால் ஒரு வார்கூட அதிகப்படி இல்லை.

நெல்சன் ஓர் ஊரின் பெயர். லங்காஷயரின் கிழக்கே, 557 மீட்டர் உயரமுள்ள பெண்டில் மலைக்குப் பக்கத்தில், லார்ட் நெல்சன் என்ற விடுதியைச் சுற்றி வளர்ந்து விடுதியின் பெயரையே ஊர்ப் பெயராக்கிக்கொண்ட பஞ்சாலை ஊர். தறியில் நிற்பவர்களுக்குச் சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகுதான் ஓய்வு. கையில் இருப்பது ஒன்றரை நாள். ஆலைச் சத்தத்தை விட்டு விலகி மலைப் பக்கம் போக, சைக்கிளைவிட மலிவான வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்த வட்டாரத்துச் சங்கங்களைப் பற்றிப் பேசினால் கிளாரியனைத் தொடாமல் முடியாது. ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு 1891-ல் மான்செஸ்டரில் தொடங்கிய சோஷலிச வார இதழ் அது. அதன் வாசகர்கள் சிலர் 1894-ல் பர்மிங்காமில் ஒரு சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டு ஈஸ்டருக்கு டெர்பிஷயரில் ஆஷ்போர்ன் என்ற ஊரில் வேறு ஊர்ச் சங்கங்களும் வந்து கூடின. அதோடு அது தேசிய அளவிலான சங்கமாகிவிட்டது. வழியில் எதிரே வருபவர் கிளாரியன்காரர் என்று தெரிந்தால் ஒருவர் "பூட்ஸ்" என்று கூவுவார், மற்றவர் "ஸ்பர்ஸ்" என்று பதில் குரல் கொடுப்பார். அவர்கள் வெறும் உலாவாக ஓட்டவில்லை. இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கிராமம் கிராமமாகக் கொடுத்தார்கள். காகிதக் கட்டு கனமானது, நனைந்தால் வீண். சங்கத்து சைக்கிளுக்கு நல்ல பை தேவை என்பது அப்போதே எழுந்த பிரச்சினை.

சங்கத்தின் இன்னொரு பக்கம் பந்தயம். பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதை, பந்தயங்களை நிர்வகித்த நேஷனல் சைக்கிளிஸ்ட்ஸ் யூனியன் 1890-களில் தடை செய்தது. அதற்கு மாற்றாக, 1895-ல் எஃப். டி. பிட்லேக் என்ற பந்தய நிர்வாகி ஒரு முறையைக் கொண்டுவந்தார்: ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி போடுவது. விடியற்காலை, கருப்பு உடை, வழித்தடத்தை வெளியில் சொல்லாத ரகசியம். இந்த வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நம் பைக்கு இதில் ஒரு முக்கியமான சம்பந்தம் உண்டு. ஆலைத் தொழிலாளியிடம் இரண்டு சைக்கிள் கிடையாது. பந்தயத்துக்கு ஓட்டும் அதே வண்டியில்தான் சங்க ஓட்டத்துக்கும் போக வேண்டும், வேலைக்கும் போக வேண்டும். கேரியர் திருகி வைத்தால் கழற்றுவது ஒரு வேலை. மூன்று வார்களை அவிழ்த்தால் கையோடு வந்துவிடும் பை அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது.

1930-ல் இளைஞர் விடுதிச் சங்கம் தொடங்கியது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். சனிக்கிழமை மதியம் ஆலை மூடியதும் கிளம்பி, இரவு விடுதியில் தங்கி, ஞாயிறு மாலை திரும்புவது வழக்கமாயிற்று. இப்போது பைக்குள் மாற்றுத்துணியும் படுக்கை விரிப்பும் சேர்ந்துகொண்டன. இந்த நேரத்தில்தான், 1932-ல், வில்ஃப் காரடைஸ் என்ற நெல்சன்காரர் கடைப் பைகளில் திருப்தியில்லாமல் தனக்கென்று ஒன்று தைத்தார். கூட ஓட்டியவர்கள் எங்களுக்கும் ஒன்று என்று கேட்க, அது தொழிலாகிவிட்டது. பெண்டில், பார்லி, நெல்சன் என்று இன்றைக்கும் பல பைகளுக்குச் சுற்றுவட்டாரத்துப் பெயர்தான்.

இனி பை. துணி, மெழுகு ஏற்றிய தடித்த பருத்திக் கித்தான். நைலான் பையில் நீரைத் தடுப்பது மேலே பூசிய படலம்; சில வருடத்தில் அது உரிந்தால் பை முடிந்தது. கித்தான் வேறு விதமாக வேலை செய்கிறது. நனையும்போது பருத்தி இழை உப்பி, நெசவின் இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. மெழுகு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. லங்காஷயர் மழை நாள் முழுக்கப் பெய்தாலும் உள்ளே துணி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். பலவீனம் தையலில்தான். புதுப் பையில் முதல் இரண்டு மூன்று மழைக்குத் தையல் ஓட்டை வழியாகக் கசியலாம். நூல் உப்பி இறுகியபின் குறையும். போனையும் காகிதத்தையும் மட்டும் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

பையின் மேல் விளிம்பில், உட்புறமாக ஒரு உருட்டு மரக்கோல் இருக்கிறது. மொத்தச் சுமையும் அதன்மேல்தான் தொங்குகிறது. புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான்: வாரை மரக்கோலைச் சுற்றிக் கொண்டுவராமல் துணியில் தைத்த தோல் துண்டோடு மட்டும் கோத்துவிடுவார்கள். அப்படி மாட்டினால் எடை முழுவதும் தையலில் விழுந்து, ஒரு பருவத்துக்குள் கித்தான் கிழியும். வார் கோலைச் சுற்றிச் சீட் வளையத்துக்குள் போக வேண்டும்.

மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். சீட்டின் பின்புற வளையத்திலிருந்து நேர் கீழே மட்கார்டு வரை 25 சென்டிமீட்டர் இருந்தால் கவலையில்லை. 22-க்குக் கீழே இருந்தால் நிரம்பிய பை மட்கார்டில் உட்காரும். மட்கார்டு இல்லாத வண்டியில் டயர் துணியை அரைத்துவிடும். உயரம் குறைந்தவர்கள், சிறிய பிரேம் வைத்திருப்பவர்கள், மேல்குழாய் சரிந்த புதுமாதிரி வண்டிக்காரர்கள் இந்த அளவை எடுக்காமல் பணம் கட்டவே கூடாது. இடம் போதாதென்றால் அதே நிறுவனத்தின் பேக்மேன் என்ற இரும்புத் தாங்கி இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளில் இறுக்கிவிட்டால் பையைக் கீழிருந்து ஏந்திக்கொள்ளும். ஆனால் சீட் கம்பியோ சீட் தண்டோ கார்பனாக இருந்தால் இந்தத் தாங்கியும் வேண்டாம், இந்தப் பையும் வேண்டாம். பக்கவாட்டில் நெரிக்கும் விசைக்குக் கார்பன் ஆனதில்லை.

சீட் வளையம் என்று சொன்னேனே, அதுதான் அடுத்த சிக்கல். புரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டில் பின் பக்கம் இரண்டு வளையம் சட்டத்தோடு சேர்ந்தே வரும். சங்கக்காரர்களின் வண்டியில் அந்த மாதிரிச் சீட்தான் இருந்தது, பை அதை நம்பியே வடிவமைக்கப்பட்டது. இன்றைய பிளாஸ்டிக் சீட்டில் வளையம் இராது. கம்பியில் திருகும் தனி வளையம் வாங்கலாம், அல்லது பேக்மேன் தாங்கியிலேயே வாரைக் கோக்கலாம். கம்பியில் நேரடியாக வாரைச் சுற்றினால் வார் வழுக்கி முன்னால் போய்விடும். பை தொடையில் இடிக்கும்.

மூன்றாவது வார் சீட் தண்டைச் சுற்றுவது. இதை எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவுக்குப் பை ஆடாது. எழுந்து நின்று மிதிக்கும்போது பை இடமும் வலமும் ஊஞ்சலாடுகிறது என்ற புகாரில் பத்துக்கு ஒன்பது இந்த வாரின் தளர்ச்சி. புதுத் தோல் நீளும். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு மூன்றையும் ஒரு துளை இறுக்குங்கள். துளை போதாவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புதுத் துளை போடலாம்; கத்தியால் கீறினால் அங்கிருந்தே வார் கிழியும்.

அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. கனமானது சீட் தண்டை ஒட்டி, கீழே. பூட்டு, அரை லிட்டர் பிளாஸ்க் இரண்டையும் குறுக்காகப் படுக்க வையுங்கள். அதன்மேல் ஸ்வெட்டர், சாப்பாட்டு டப்பா. மழைக் கேப் எல்லாவற்றுக்கும் மேலே, ஏனென்றால் அது அவசரத்தில் வேண்டியது. பக்கப் பைகள் இரண்டில் இடது பக்கத்தில் இரண்டு டியூப், மூன்று டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் பெட்டி, ஸ்பேனர்; வலது பக்கத்தில் தின்பண்டம். வலது பக்கம் எப்போதும் தின்பண்டம்தான் என்று பழக்கிக்கொண்டால் ஓட்டத்தின் நடுவே கூட்டத்தை நிறுத்தித் தேட வேண்டியதில்லை. பக்கப் பைகளைப் புடைக்க அடைக்காதீர்கள், தொடை உரசும். 6 கிலோவுக்கு மேல் போட்டால் அடிப்பக்கம் தொங்கி வடிவம் கெடும்; ஒரு கெட்டியான பிளாஸ்டிக் அட்டையை அளவாக வெட்டிப் பையின் உள்ளே அடியில் போட்டால் நெடுநாள் நிற்கும்.

லாங்ஃப்ளாப் என்ற பெயருக்குக் காரணமான நீள மூடியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. வழக்கமாக மடிந்து கிடக்கும் அந்தப் பகுதியை அவிழ்த்துவிட்டால், பை வாய்க்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் சுமையையும் மூடிவிடும். காலைக் குளிரில் போட்ட மேல்சட்டையெல்லாம் மதியம் பைக்குள் வந்துசேரும் அல்லவா, அப்போது இதன் அருமை தெரியும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், அவர் ஏற்கனவே கிழித்த காற்றில் மறைந்துவருகிறது. சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பைகள் எதிர்காற்றில் பாய் விரித்த மாதிரி இழுக்கும். ஒரு நாள் ஓட்டத்துக்கு, ஓர் இரவுத் தங்கலுக்கு இந்த இடம்தான் சரி என்பதில் சந்தேகமே இல்லை. கூடாரத்தோடு போகிறவர்களுக்கு 24 லிட்டர் கேம்பர் லாங்ஃப்ளாப் இருக்கிறது. அதற்குத் தாங்கி கட்டாயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உறைந்த விரலால் பக்கிள் அவிழ்ப்பது எரிச்சலான வேலை. முதல் சில மாதம் தோல் விறைப்பாக இருக்கும்போது இன்னும் மோசம். வாங்கியதும் தோல் மெழுகு தடவி வளைத்து வளைத்துப் பழக்கினால் பாதி சரியாகும். புதுக் கித்தானின் மெழுகு வெளிர் நிறத் துணியில் ஒட்டும், ஆகவே வெள்ளைச் சட்டையை உள்ளே வைக்காதீர்கள். பின் விளக்குதான் பெரிய குறை. பை சீட் தண்டை மறைத்துவிடுவதால் அங்கே விளக்கு மாட்ட முடியாது. பையிலுள்ள பட்டையில் கிளிப் விளக்கைச் செருகலாம், ஆனால் பை பாதி காலியாக இருந்தால் துணி தொய்ந்து விளக்கு தரையைப் பார்க்கும். இங்கிலாந்தில் இருட்டில் சிவப்புப் பின் விளக்கு சட்டப்படி கட்டாயம். மட்கார்டில் திருகும் விளக்கு ஒன்று வாங்கிவிடுவதே நல்லது. கடைக்குப் போய் வர, அலுவலகத்துக்கு லேப்டாப் கொண்டுபோக இந்தப் பை ஆகாது. தினமும் மூன்று வார் அவிழ்த்துக் கட்டப் பொறுமை யாருக்கு இருக்கும்?

பராமரிப்பு எளிது. வாஷிங் மெஷினில் போடவே கூடாது, சோப்பும் வேண்டாம், மெழுகு போய்விடும். சேறு காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். நனைந்த பையை மூடியபடி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு அது போகவே போகாது. வாயைத் திறந்து நிழலில் காயப் போடுங்கள். நீர்த்துளி மேலே உருளாமல் துணிக்குள் ஊறத் தொடங்கினால் மறுபடி மெழுகு ஏற்ற வேண்டிய நேரம். துணிக்கான மெழுகை வெந்நீரில் டப்பாவோடு வைத்து இளக்கி, பழந்துணியால் மெல்லியதாகத் தேய்த்து, முடி உலர்த்தியால் சூடுகாட்டினால் உள்ளே இறங்கும். தையல்மேல் இரண்டு முறை தேய்க்கவும். இப்படிப் பார்த்துக்கொண்ட பைகள் ஒருவர் கையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கின்றன. வார் அறுந்தால் வார் மட்டும் வாங்கலாம். கித்தான் கிழிந்தால் நிறுவனமே பழுதுபார்த்துக் கொடுக்கிறது. பைக்குள் இருக்கும் லேபிளில் தைத்தவர் தன் பெயரைக் கையெழுத்தாக இடுகிறார். விலை அதிகம் என்பவர்கள் வார் மாற்றும் வசதியையும் பழுதுபார்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கார் பெருகியபின் நெல்சனின் ஆலைகளும் மூடின, பெரிய ஞாயிற்றுக் கூட்டங்களும் மெலிந்தன. ஆனாலும் பையைச் சரியான வழியில் சோதிக்க விரும்பினால் இடம் இருக்கிறது. நெல்சனிலிருந்து சில மைல் தூரத்தில், ரஃப்லீக்கும் நியூசர்ச்சுக்கும் நடுவே ஜின்னி லேனில், நெல்சன் சுதந்திரத் தொழிற்கட்சியினர் 1912-ல் கட்டிய கிளாரியன் ஹவுஸ். கிளாரியன் பெயரில் ஒரு காலத்தில் பல ஊர்களில் இருந்த இளைப்பாறும் வீடுகளில் இன்றும் அந்த வேலைக்கே திறந்திருப்பது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள். பெரிய குவளையில் ஒரு பைண்ட் தேநீர் தருவார்கள், கொண்டுவந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடலாம். வழி ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். சீட் தண்டு வாரை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பிளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிடலாம்.