மாஸ்டர் செக்கப்புக்கு மெசேஜ் வரும், ஸ்டென்ட்டுக்கு வராது

பெரியம்மாவின் போனில் அந்த ஆஸ்பத்திரியின் மெசேஜ்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பொங்கல் வாழ்த்து. மகளிர் தினத்துக்கு மாஸ்டர் செக்கப்பில் தள்ளுபடி. பிறந்தநாள் வாழ்த்து, கேக் படத்தோடு. (அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி, அது வேறு விஷயம்.) இத்தனையும் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, “உங்கள் பித்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டை எடுக்கும் நாள் வந்துவிட்டது” என்று ஒரு வரி அனுப்பத் தோன்றவில்லை.

போன வருடம் பெரியம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒன்று குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டது. இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, கல்லை எடுத்து, பித்தம் தடையில்லாமல் இறங்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறம் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையையும் எடுத்தார்கள். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காமாலை இறங்கியது, தையல் பிரித்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆறு வாரத்தில் ஸ்டென்ட்டை எடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்பதற்கு மட்டும் தமிழில் தனி நோட்டீஸ்!

நான் பர்மிங்ஹாமிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தபோது பெரியம்மா இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கண் மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி. குளிர்ஜுரம், காமாலை, வலி மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ்த்தொற்று என்று சந்தேகப்பட வேண்டும். 1877-லேயே பிரெஞ்சு டாக்டர் ஷார்கோ எழுதி வைத்தது இது. எங்கள் வீட்டில் அம்மியில் கீழாநெல்லி அரைபட்டுக்கொண்டிருந்தது.

கீழாநெல்லியை நான் கேலி செய்ய மாட்டேன். சின்ன வயதில் மோரில் கலந்து எனக்கும் ஊற்றியிருக்கிறார்கள். சென்னையில் நடந்த அதன் ஆய்வு 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழிலேயே வந்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றியது. குழாய் அடைத்துக்கொண்டால் கீழாநெல்லி என்ன செய்யும்? பெரியம்மாவிடம் இதைச் சொன்னால், “நீ பேசாம இருடா, உங்க தாத்தாவுக்கே இதுலதான் சரியாச்சு.”

அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்த பெண், “ஃபைல் பழசு சார், புதுசா ரிஜிஸ்ட்ரேஷன் போடணும்” என்றாள். ஸ்டென்ட் வைத்த டாக்டர் சென்னையிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம். எடுக்க வேண்டும் என்று ஏன் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்றேன். “சம்மரில போட்டிருக்குமே சார். நீங்கதானே வரல?” குரலில் துளி கோபமில்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. போனை நீட்டி கேக் படத்தைக் காட்டினேன். “அது மார்க்கெட்டிங்ல இருந்து தானா போகும் சார்.”

பர்மிங்ஹாமில் ஜி.பி.யை, அதாவது குடும்ப டாக்டரை, பிடிக்கக் காலை எட்டு மணிக்கே போனில் வரிசை கட்ட வேண்டும். இ.ஆர்.சி.பி.க்குத் தேதி கிடைப்பதற்குள் தாடி நரைத்துவிடும். ஆனால் அங்கே செய்தது என்ன, அடுத்து என்ன என்று ஜி.பி.க்கு ஒரு கடிதம் போகும், நகல் வீட்டுக்கு வரும். இங்கே அந்த ஞாபகம் முழுக்க நோயாளி தலையில்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள குழல். உள்ளே வைத்த சில நாளிலேயே கிருமிகள் ஒட்டி வழவழவென்று ஒரு படலம் கட்டும். அதன் மேல் பித்தக் கசடு சேர்ந்து, சமையலறை சிங்க் குழாய் மாதிரி மெல்ல அடைந்துபோகும். இன்னும் விட்டால் ஸ்டென்ட்டைச் சுற்றியே புதுக் கல் வளரும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. யார் யாருக்கு ஸ்டென்ட் இருக்கிறது என்று பதிவேடு வைத்து நினைவூட்டினால் மறதி குறைகிறது என்பதையும் ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். கேக் படம் போகிற அதே கம்ப்யூட்டரே போதும்.

வியாழன் வரை யார் காத்திருப்பது? மஞ்சக்குப்பம், கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று கார் பறந்தது. புதுச்சேரியில் வேறொரு ஆஸ்பத்திரி. அன்று சாயங்காலமே ஸ்கேன், இரவே ஆன்டிபயாடிக், மறுநாள் இ.ஆர்.சி.பி. இந்த வேகத்தை பர்மிங்ஹாமில் நான் கனவில்தான் காண வேண்டும். உள்ளே கொண்டுபோகும் முன் சிஸ்டர் ஆசனவாயில் ஒரு மாத்திரை வைத்தார். இண்டோமெத்தசின், பழைய, மலிவான வலி மருந்து. இந்தச் சிகிச்சையால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு; ஆபத்து அதிகமுள்ள 602 பேரிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில் இந்த மருந்து அதை 16.9 சதவீதத்திலிருந்து 9.2 ஆகக் குறைத்தது. அது வெளியானது 2012-ல். நம் ஊர் சிஸ்டர் அதைச் சட்டென்று செய்துவிட்டுப் போகிறார்.

எடுத்த ஸ்டென்ட்டை டாக்டர் ஒரு கிண்ணத்தில் காட்டினார். விரல் நீளம், கறுப்பேறி, ஓட்டை முழுக்கக் காபிப்பொடி நிறத்தில் கசடு. குழாயில் இன்னும் கொஞ்சம் கசடு இருந்ததால் புது ஸ்டென்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள். வார்டு சிஸ்டர் பெரியம்மா கட்டிலருகே உட்கார்ந்து, “ஆயா, ஆடி அமாவாசை முடிஞ்ச வாரம் வந்துடணும், தெரியுதா?” என்று கேட்டுவிட்டு, சம்மரியின் முதல் பக்கத்திலேயே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தமிழில் எழுதித் தேதியும் போட்டார். கீழே கொஞ்சம் இடம் விட்டார், எடுத்ததும் டாக்டர் கையெழுத்துப் போட.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதல் வேலையாக அதை பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய் லேமினேட் செய்து வந்துவிட்டார்.