ஒரே மாத்திரை, ஒரே வீடு, இரண்டு பேர்: பேசிடேனோடு 9 வருடம்

2015-லிருந்து 2024 வரை பேசிடேன் 2 மில்லிகிராம் சாப்பிட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ட்ரைஹெக்ஸிபெனிடில். எனக்குப் பார்கின்சன் (நடுக்குவாதம்) கிடையாது, மனச்சிதைவுக்கு எடுக்கும் மாத்திரையால் வந்த இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுத்தார்கள். பார்கின்சன் என் அப்பாவுக்கு. அவரும் இதே மாத்திரையை 7 மாதம் சாப்பிட்டார், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதைதான்.

முதலில் என் பாடு. மனச்சிதைவுக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாள் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது, கண் இரண்டும் மேலே செருகி நின்றுவிட்டன. தெருவே கூடி, காத்துக்கருப்பு என்று முடிவு கட்டி, விபூதி பூசி, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஃபெனர்கன் ஊசி ஒன்று போட்டார்கள், அரைமணி நேரத்தில் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அப்புறம் ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராமுக்கு மாற்றினார்கள். காதில் கேட்ட குரல்கள் நின்றன, ஆனால் மூன்றாவது வாரம் நடக்கும்போது கை வீசவில்லை, முகம் மரப்பாச்சி மாதிரி ஆகிவிட்டது. நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் என் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போக, பின் பெஞ்சுப் பையன் ஒருவன் “சார், எறும்புக்கா எழுதுறீங்க?” என்று கேட்டான். சிரித்தேன், முகத்தில்தான் சிரிப்பு வரவில்லை.

பேசிடேன் காலை ஒன்று, மதியம் ஒன்று. நாலைந்து நாளில் கை இளகியது, எழுத்து பழைய அளவுக்கு வந்தது. இதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உட்காரவிடாமல் கால் பரபரக்குமே, அதற்கு இது பெரிதாக உதவவில்லை, ப்ரோப்ரனலால் என்ற வேறு மாத்திரைக்குத்தான் கேட்டது.

டாக்டர் விளக்கியது இதுதான். மூளையில் அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் டோபமினும் அசிட்டைல்கோலினும் தராசுத் தட்டு மாதிரி. பார்கின்சனில் டோபமின் சுரக்கும் செல்களே அழிகின்றன, என் விஷயத்தில் டோபமின் இருக்கிறது, அது போய் உட்காரும் இடத்தை ரிஸ்பெரிடோன் அடைத்துக்கொள்கிறது. இரண்டிலும் அசிட்டைல்கோலின் தட்டு தாழ்ந்துவிடுகிறது. பேசிடேன் அந்தத் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடும். சிக்கல் என்னவென்றால் அசிட்டைல்கோலினுக்கு எச்சில், குடல், மூத்திரப்பை, கண், வியர்வை, ஞாபகம் என்று உடம்பு முழுக்க வேலை இருக்கிறது.

வாய் காய்ந்தது. ஒரு பீரியடுக்குள் அரை பாட்டில் தண்ணீர் போகும். முதல் வருடம் கற்கண்டை வாயில் போட்டே சமாளித்தேன், அது மடத்தனம்; எச்சில் இல்லாத வாயில் சர்க்கரை, கேட்கவா வேண்டும், இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால். மலச்சிக்கலுக்கு இசப்கோலும் கொய்யாப்பழமும். விடைத்தாள் திருத்தும்போது 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போய், 33 வயதில் வாசிக்கக் கண்ணாடி வாங்கினேன். சாயங்காலத்துக்கு மேல் போட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆரம்ப நாட்களில் லேசாக ஒரு குஷி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம், அதற்காகவே இதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. சீட்டு நீட்டினால் மருந்துக் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பது அதனால்தான்.

இத்தனையிலும் பயமுறுத்தியது வெயில். ஒரு ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் இழுக்கப் போனேன். சுற்றி எல்லாருடைய சட்டையும் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்க, என் சட்டை மட்டும் மொடமொடவென்று காய்ந்தே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதித்துத் தலை சுற்றி வாகையடி முக்கில் உட்கார்ந்துவிட்டேன். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு எப்படி இறங்கும்? இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை.

அப்பாவுக்குப் பார்கின்சன் வந்தது 2022-இல், 71 வயதில். அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பாவின் வலது கை சும்மா மடியில் கிடக்கும்போதும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அவள் பீடி உருட்டுவது போலவே உருட்டிக்கொண்டிருந்தன. மூளையில் போய் டோபமினாக மாறும் சிண்டோபா மாத்திரை கொடுத்தார்கள். நடை தேறியது, நடுக்கம் போகவில்லை. அதற்காகப் பேசிடேன் சேர்த்தார்கள். நடுக்கம் நன்றாகவே குறைந்தது, எனக்குப் பழகிய மாத்திரை என்பதால் நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் என்னைக் குருடாக்கியது. முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தார், வயசாச்சு என்று விட்டோம். பிறகு ராத்திரியில் சுவரோரம் சின்னப் பிள்ளைகள் நிற்கின்றன, சாப்பாடு போடு என்றார். அம்மா என்னிடம், “ஏல, ஊமத்தங்காயத் தின்ன மாதிரில்லா பேசுதாவ” என்றாள். ஒருநாள் மூத்திரம் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டியதாயிற்று, புராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

நரம்பு டாக்டரிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபாலமின் செய்வதும் பேசிடேன் மாதிரி அசிட்டைல்கோலினை அடைக்கும் வேலைதான், அந்தக் குடும்பத்துப் பெல்லடோனா செடிச் சத்தைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் பார்கின்சனுக்கே கொடுத்தார்கள் என்றார். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்தைக் கூடியவரை தவிர்ப்பார்கள் என்றும் அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதும் மூன்று வாரத்தில் பிள்ளைகள் சுவரோரத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது: நான் ஏன் இன்னும் சாப்பிடுகிறேன்? ரிஸ்பெரிடோன் எப்போதோ 2 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது. இதை மட்டும் மாதாமாதம் சீட்டில் அப்படியே திரும்ப எழுதினார்கள், நானும் கேட்கவில்லை. ஒருமுறை நானாகவே சட்டென்று நிறுத்திப் பார்த்து, மூன்றாம் நாள் குமட்டலும் நடுக்கமுமாகப் படுத்திருக்கிறேன், ஆகவே அந்த வழி வேண்டாம். இன்னொரு தொல்லை, பின்னாளில் எனக்கு வந்துகொண்டிருந்தது ரிஸ்பெரிடோனும் இதுவும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது. ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க முடியாது. டாக்டர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். நீங்களும் அட்டையின் பின்பக்கம் திருப்பி எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அரை அரை மாத்திரையாக, நாலு மாதத்தில் நின்றது. எழுத்து சிறுக்கவில்லை. வாசிக்கும் கண்ணாடி அலமாரியில் கிடக்கிறது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குறைத்ததும் இறுக்கம் திரும்பி வந்து, மறுபடி அரை மாத்திரையில் நிற்கிறார், அவருக்கு அது தேவை.

அப்பாவுக்கு நடுக்கம் திரும்பிவிட்டது. காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வகுப்பில் எந்தப் பையன் என்ன செய்தான் என்று பெயர் சொல்லி விசாரிக்கிறார். அம்மா காபியை முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள்.